எந்தப் பழுப்பு

ஏழாம் எண் மழலையர் பள்ளி, சோய்பால்சான்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வாசலில் பதினேழு ஜோடி பூட்ஸ்,
ஒல்ஸீயின் ஒற்றை பூட்ஸ் தனியாக.
மற்றது எங்கே என்று கேட்டால் சொல்ல மாட்டான்.
செப்டம்பரில் சேர்ந்ததிலிருந்து
எதைக் கேட்டாலும் சொல்ல மாட்டான்,
எந்த மொழியிலும்.

அலுவலகத்திலிருந்து வந்த பெட்டியைத் திறக்கிறேன்.
உருளும் பொம்மைக் கண்கள், ஐஸ் குச்சி,
மூடி சரியாக மூடாமல் கல்லாய் இறுகிய
விளையாட்டு மாவு,
பிளாஸ்டிக் மிருகங்கள்.
சிங்கம் மூன்று, காண்டாமிருகம் ஒன்று.
ஒட்டகம் இல்லை.

குதிரையைத் தூக்கிக் காட்டுகிறேன்: "ஹார்ஸ்."
ஹார்ஸ், என்கின்றன பதினேழு வாய்கள்.
"ப்ரவுன் ஹார்ஸ்."
சத்தமே இல்லை.

ஹூலான் எழுந்து வருகிறாள். ஐந்து வயது.
அவள் அப்பாவிடம் நூற்றிருபது குதிரைகள்.
பொம்மையை என் கையிலிருந்து வாங்கி
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி
வாலைப் பார்க்கிறாள், பிடரியைப் பார்க்கிறாள்,
சந்தைத் தரகனைப் போல வாய்க்குள் விரல் விட்டு
பல் தேடுகிறாள்.
"பக்ஷா, இது ப்ரவுன் இல்லை. ஹேர்.
வால் கறுப்பு, அதனால் ஹேர்.
வாலும் சிவப்பாக இருந்தால்தான் ஸேர்த்."

போன வாரம் உடல் உறுப்புகள் நடத்தியிருந்தேன்.
ஹேர் என்று காதில் விழுந்ததும்
அறை முழுக்க அவரவர் தலைமுடியைப் பற்றிக்கொண்டது.

நான் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் குதிரைக்கு
ப்ரவுனைவிட நல்ல சொல் இருக்கும்,
குதிரை வைத்திருந்தவர்கள்தானே அவர்களும்.
எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.
என் ஆங்கிலம் காகிதத்தில் முளைத்தது.
ஆங்கிலேயர் ஒருவரோடு பேசியது ஒரே முறை:
பேருந்து நிலையத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.
கை நீட்டிக் காட்டினேன்.

சரி, குதிரை செய்வோம் என்றேன்.
பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி,
கம்பளி நூலில் வால் ஒட்டி,
பெயிண்டில் கறுப்பைக் கொஞ்சம், மஞ்சளைக் கொஞ்சம்
விட்டுக் கலக்கினார்கள். மேஜையும் பழுப்பானது,
என் முழங்கையும்.
பிறகு பெயர் சொல்ல வேண்டும்.
பிள்ளைகளிடம் இருந்தவை மொத்தம் நாற்பது சொற்கள்;
உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றினார்கள்.
"ப்ரவுன் டீ," என்றாள் ஹூலான்.
"ப்ரவுன் பிரட்." "ப்ரவுன் பூட்."
பேட்டார் தன் குதிரையை வெகுநேரம் பார்த்துவிட்டு
"ப்ரவுன் நைட்" என்றான்.
திருத்த வாயெடுத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன்.
நைட்தான்.

ஒல்ஸீ குதிரை செய்யவில்லை.
சட்டைப்பையிலிருந்து ஆட்டின் கணுக்கால் எலும்பை எடுத்து
மேஜையில் உருட்டினான்.
எங்கள் ஊரில் இதுதான் பகடை:
ஒரு பக்கம் விழுந்தால் செம்மறி, ஒரு பக்கம் வெள்ளாடு,
ஒரு பக்கம் குதிரை,
அதன் முதுகுப்புறம், இன்று விழுந்தது,
ஒட்டகம்.

"கேமல்," என்றேன்.
பதில் இல்லை.
இரண்டு கண்களைத் தேர்ந்தெடுத்தான்,
ஒன்று பெரிது ஒன்று சிறிது,
ஒட்டகப் பக்கத்தில் பசை வைத்து அழுத்தினான்.
பகடை பாழாயிற்று என்று நினைத்தேன்.
பசை காயும்வரை ஊதினான், கன்னம் வலிக்க.
மறுபடி உருட்டினான்.

குதிரை மேலே வந்தது. கண்கள் மேஜையில் கவிழ்ந்தன.
பெட்டியின் காண்டாமிருகம், மூன்று சிங்கம்,
எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டாம் என்பது போல்
விரலை உதட்டில் வைத்து
"ஸ்லீப்," என்றான்.

மாலை விரலில் காய்ந்த பசையை உரித்தபடி
அடுத்த மாதத் தேவைப் பட்டியல் எழுதுகிறேன்.
பசை நான்கு. பொம்மைக் கண், நூறு.
பெயிண்ட், பழுப்பு.
பேனா நிற்கிறது.
அலுவலகத்தில் போனை எடுப்பவர்
நகரத்தில் பிறந்தவர்,
எந்தப் பழுப்பு என்று கேட்கமாட்டார்.
நானே எழுதிவிடுகிறேன்:
டீ, பிரட், பூட்,
இரவு.